மந்தம் என்று பெயர் வைக்குமுன்

(கேமரன் மலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஹார்மோன், மூளை, நடத்தை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசும் மாநாடுகள் நம் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. ஆசியான் நாடுகளின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்து, ஒவ்வொரு நாட்டிலும் மாறி மாறிக் கூடுகின்றன. மீன், தவளை, பறவை என்று மனிதரல்லாத உயிர்களின் ஹார்மோன்களை ஆராய்பவர்களுக்கு ஆசிய ஓசியானிய அளவில் தனிச் சங்கமே இருக்கிறது. சன்வேயில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈஷ்வர் பர்ஹார், இனப்பெருக்க ஹார்மோன்களை முடுக்கிவிடும் நரம்பணுக்களை மீன் மூளையில் தேடிப் பல்லாண்டு உழைத்தவர். நம் நாட்டில் இந்தத் துறைக்கு ஆளும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது.

அந்த மாநாடுகளில் என்ன பேசுகிறார்கள் என்று எளிய தமிழில் சொல்லும்படி அமைப்பாளர்கள் கேட்டார்கள். நான் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். அப்படியொரு மாநாடு தலைநகரத்து ஹோட்டலை விட்டுவிட்டு, தாப்பா வழியாக வளைந்து வளைந்து ஏறி, இந்த மலையில் கூடினால் முதலில் எதைப் பேச வேண்டும் என்பதே என் பேச்சு. என் விடை ஒன்றுதான்: அயோடின். ஜீன் இல்லை, மூளை ஸ்கேன் இல்லை. உப்புப் பொட்டலத்தில் ஒரு ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும் அதே அயோடின்தான்.

ஒரு சேவலிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1849இல் அர்னால்ட் பெர்தோல்ட் என்பவர் ஆறு சேவற்குஞ்சுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். காயடித்த சேவல் கூவாது, சண்டைக்கு நிற்காது, பெட்டையைத் திரும்பிப் பார்க்காது, கொண்டை சுருங்கிவிடும். இது நம் பாட்டன்மாருக்கும் தெரியும். பெர்தோல்ட் எடுத்த விதையைக் குஞ்சின் வயிற்றுக்குள்ளேயே வேறோர் இடத்தில் வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. ஆனாலும் குஞ்சு வளர்ந்து கூவியது, சண்டை போட்டது. நரம்பு இல்லாமலே நடத்தை திரும்பிவிட்டது என்றால் ரத்தத்தில் ஏதோ ஒன்று கலந்து மூளை வரை போகிறது என்றுதானே பொருள்? ஹார்மோன் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. இத்துறையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சேவல்களில்தான் தொடங்குகிறார்கள்.

அதற்குப் பின் 120 ஆண்டுகளில் வழி தலைகீழாகவும் தெரிந்தது. சுரப்பி மூளையை மாற்றுவதுபோல் மூளையும் சுரப்பியை ஏவுகிறது. அமெரிக்காவில் ரோஜர் கில்மன், ஆண்ட்ரூ ஷாலி என்ற இருவர், ஒருவரையொருவர் துளியும் பிடிக்காதவர்கள், இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளையும் பன்றி மூளைகளையும் வாங்கி அரைத்து வடித்து, 1969இல் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பொருளை பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. தைராய்டு தன் ஹார்மோனை உடல் முழுதும், மூளை உட்பட, அனுப்புகிறது. 1977இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். அப்போதும் பகை தீரவில்லை. இது கிளைக்கதை. நமக்கு வேண்டியது என்னவென்றால், மூளையிலிருந்து கிளம்பிய முதல் கட்டளையாக அவர்கள் கண்டுபிடித்தது தைராய்டுக்கு உரியது என்பதுதான்.

தைராய்டு ஹார்மோனுக்கு ஒரு விசித்திரம் உண்டு. உடலின் மற்ற ஹார்மோன்களை நாம் தின்னும் சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் உடம்பு செய்துகொள்ளும். தைராக்சினுக்கு மட்டும் அயோடின் வேண்டும்; ஒரு மூலக்கூறுக்கு நான்கு அணு. அயோடின் கடலின் சொத்து. கடலிலிருந்து ஆவியாகி மழையோடு மண்ணில் விழும். மழையே அதைக் கழுவி மீண்டும் கடலுக்குக் கொண்டுபோகும். செங்குத்தான சரிவும் பெருமழையும் உள்ள இடத்தில் கொடுத்ததைவிட எடுத்ததே அதிகம். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தேயிலைக்கு அது வரம். அதே மழையில் மண் அயோடினை இழக்கிறது, மண்ணில் விளையும் கீரையும் கிழங்கும் இழக்கின்றன, அவற்றையே நம்பி வாழும் மனிதரும் இழக்கிறார்கள். இமயமலை, ஆல்ப்ஸ், ஆண்டீஸ், பாப்புவா நியூ கினியின் உள்மலை என்று உலகத்தில் கழுத்துக் கழலை மிகுந்திருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தால், பெரும்பாலும் மலைகளையே குறித்துக்கொண்டு போவீர்கள்.

தேவை எவ்வளவு தெரியுமா? பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250. எழுபது வயது வரை வாழ்ந்து முடிக்கும் ஒருவருக்கு ஆயுள் முழுதும் வேண்டியது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

அது கிடைக்காதபோது முதலில் கழுத்து வீங்குகிறது. பிட்யூட்டரி ‘இன்னும், இன்னும்’ என்று விரட்ட, சுரப்பி பருத்துக்கொண்டே போகிறது. கழுத்து கண்ணுக்குத் தெரியும், அதனால் நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் கழுத்தையே பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாததுதான் பெரிய இழப்பு. அது தலைக்குள் நடக்கிறது.

வளர்ந்தவர்களின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கம். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1949இல் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். மனநோய் என்று கருதப்பட்டவர்கள். சந்தேகம், பிதற்றல், இல்லாத குரல் கேட்பது. அத்தனை பேருக்கும் தைராய்டு சுரப்பு வற்றியிருந்தது. தைராய்டு மருந்து கொடுத்ததும் பெரும்பாலோர் தெளிந்தார்கள். மருத்துவர் முகத்தையும் தோலையும் குரலையும் கவனித்திருந்தால் மனநோய் விடுதி வரை போயிருக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. இத்தனை கடுமை எல்லோருக்கும் வராது. சாதாரணமாக வருவது வேறு: எழுந்திருக்க மனமில்லை, குளிர் தாங்கவில்லை, பேச்சு இழுக்கிறது, கணக்கு மறக்கிறது, காரணமில்லாமல் அழுகை. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நேரத்தில் வராத ஒரு பெண்ணை மண்டோர் (மேற்பார்வையாளர்) என்ன பெயரிட்டுத் திட்டியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். சுரப்பு கூடிப்போனால் கதை தலைகீழ்: கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். அப்போது ‘வாய்க்காரி’ என்ற பெயர். இரண்டு பெயருக்கும் அடியில் ஒரே சுரப்பி.

ஆனால் பெரியவர்களை மீட்டுவிடலாம். மாத்திரை மலிவு, தினமும் காலையில் வெறும் வயிற்றில், தேநீருக்கு முன் வெறும் தண்ணீரோடு விழுங்கினால் போதும். மீட்க முடியாதது கருவில் நடந்த இழப்பு.

கருவின் தைராய்டு சுரப்பி மூன்றாம் மாத முடிவில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஐந்தாம் மாதம் வாக்கில்தான் தேறுகிறது. மூளை அதுவரை காத்திருக்காது. நரம்பணுக்கள் பிறந்த இடத்திலிருந்து தத்தம் இடத்துக்கு நகர்ந்துபோய் அமர்வது அந்த மாதங்களில்தான் பெருமளவு நடக்கிறது. எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்வதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. அந்தச் சமயத்தில் கருவிடம் இருப்பது தாயின் ஹார்மோன் மட்டுமே. தாயிடம் இல்லையென்றால் பிள்ளைக்கு வேறு வழி கிடையாது. பிறந்த பிறகு வண்டி வண்டியாக அயோடின் கொடுத்தாலும் இடம் மாறி அமர்ந்த நரம்பணு எழுந்து வராது.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது நம் வட்டாரத்து மலைதான். பாப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கில் காது கேளாத, பேச்சு வராத, கால் விறைத்த, அறிவு வளராத குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தார்கள். 1966இல் பீட்டர் ஃபாரோவா என்ற மருத்துவர் அங்கே சென்று, ஒன்றுவிட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெயை ஊசியாகப் போட்டார். மற்றக் குடும்பங்களுக்கு உப்புநீர். ஆண்டுகள் கழித்து, ஊசிக்குப் பின் பிறந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள். உப்புநீர் ஊசி போட்ட தாய்மாரின் 534 பிள்ளைகளில் 26 பேருக்கு அந்தக் குறைபாடு. அயோடின் பெற்ற தாய்மாரின் 498 பிள்ளைகளில் 7 பேருக்கு. அந்த ஏழிலும் ஆறு பேர், ஊசி போடுவதற்கு முன்பே கருவில் உருவாகிவிட்டவர்கள். ஃபாரோவா, பட்ஃபீல்ட், ஹெட்ஸல் மூவரும் 1971இல் ‘லான்செட்’ இதழில் இதை வெளியிட்டார்கள்.

அந்த ஆறு பிள்ளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாய்க்கு ஊசி போட்டாயிற்று, மருந்து உடம்பில் இருக்கிறது, பிறகும் தப்பவில்லை. சில வாரங்கள் பிந்திவிட்டது, அவ்வளவே. ஹார்மோனும் மூளையும் பற்றி நான் படித்த எத்தனையோ ஆய்வுகளில் இந்தச் சிறிய எண்ணைப்போல் என்னை உலுக்கியது வேறில்லை. உப்புநீர் பெற்ற குடும்பங்களின் நிலை இன்னொரு கேள்வி. கழலைக்கு அயோடின் மருந்து என்பது 1820இலேயே ஜெனீவாவில் குவாந்தே எழுதிய செய்தி. மூளைக்கும் அதுவே காப்பு என்பதற்குத்தான் சான்று தேடினார்கள். தேடியது சரி. ஆனால் அந்த 26 பிள்ளைகளின் கணக்கையும் நாம்தான் சுமக்க வேண்டும்.

ஜிமியில் ஊசி. ஊசியோடு மலை மலையாக ஏற முடியாது. எல்லார் வீட்டுக்குள்ளும் தானாகப் போகும் ஒரு வாகனம் வேண்டும். அது உப்பு. ஸ்விட்சர்லாந்து 1922இலேயே அதைத் தொடங்கிவிட்டது. வெப்ப நாட்டு ஏழைச் சமூகத்தில் அது செல்லுபடியாகும் என்று காட்டியவர் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த வி. ராமலிங்கசுவாமி. பின்னாளில் டெல்லி எய்ம்ஸின் இயக்குநரானவர். 1956இல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார். காங்க்ராவும் தேயிலை நாடுதான்; பாலம்பூரைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே தேயிலை. அங்கே பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினருக்குக் கழலை. பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் போய்ச் சேரும்படி ஏற்பாடு. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற இரண்டு பகுதிகளிலும் கழலை பாதியாகவும் அதற்குக் கீழாகவும் இறங்கியது. வெறும் உப்புப் பகுதியில் இருந்தபடியே இருந்தது. பிறகு அங்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கும் இறங்கியது.

இதில் எனக்குப் பிடித்தது, யாருடைய பழக்கத்தையும் மாற்றச் சொல்லாத தன்மை. இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்ற அறிவுரை கிடையாது. கடையில் வாங்கும் அதே உப்பு. யாரோ ஒருவர் அதில் ஒரு கைப்பிடி அயோடேட் என்ற அயோடின் சேர்மத்தை முன்பே கலந்திருக்கிறார். ஏழைகளிடம் பேசும்போது மருத்துவர்களுக்கு அறிவுரைதான் முதலில் வாயில் வரும். ராமலிங்கசுவாமி உப்புச் சாக்கைத் திருத்தினார்.

1962இல் இந்தியா தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. அதற்குப் பிறகு நடந்தது பெருமைக்குரிய கதை இல்லை. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கத் தடை வந்தது, 2000இல் விலக்கப்பட்டது, 2006இல் மீண்டும் வந்தது. காங்க்ராவில் தொடங்கி ஐம்பது ஆண்டு. 2018-19இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பு 76.3 விழுக்காடு வீடுகளில் இருந்தது. மாநிலங்களில் கடைசி இடம் தமிழ்நாட்டுக்கு, 61.9. தூத்துக்குடியும் வேதாரண்யமும் உள்ள மாநிலம்! உப்பு விளைகிற ஊரில் கல்லுப்பை உப்பளத்திலிருந்து நேரே வாங்கிப் பானையில் போட்டுவைக்கும் பழக்கம் போகவில்லை. இத்தனைக்கும் 2014இல் அரசே அயோடினும் இரும்புச் சத்தும் இரண்டும் சேர்த்த ‘அம்மா உப்பு’ கொண்டுவந்தது. இலங்கையில் 1995இலிருந்து எல்லா உணவு உப்பும் அயோடின் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று விதி. அங்கே தோட்டங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

1885இல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன மலை. 1929இல் ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, லயத்து வீடுகளில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அவர்களோடு லாரியில் ஏறி வந்தவை அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு, நெத்திலி. இந்தப் பட்டியலில் கடைசி இரண்டும் கடலின் அயோடினைச் சுமந்து வருபவை. கருவாட்டுக் குழம்பின் வாசனையைக் கேலி செய்யும் பிள்ளைகள் இங்கே இருந்தால் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

லாரி போகாத இடத்தில் இருந்தவர்கள் வேறு. இந்த மலைகளில் நமக்கு முன்பே இருப்பவர்கள், செமாய், தெமியார் மக்கள். ஐவன் பொலுனின் என்ற மருத்துவர் 1951லேயே மலாயாவின் கழலை நோய் பற்றி மருத்துவ இதழில் எழுதிவிட்டார். 1990களில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நம் மாவட்டத்தை ஒட்டிய குவாலா லிப்பிஸின் உட்பகுதியில், லானாய், பெத்தாவ் போன்ற பூர்வகுடிக் குடியிருப்புகளில் அளந்தார்கள். சாலையும் கடையும் எட்ட எட்டக் கழலை கூடியது. இங்கிருந்து ரிங்லெட் வழியாக இறங்கி சுங்கை கோயான் சாலையில் போனால் அந்தப் பக்கம்தான். பக்கத்து வீட்டுச் செய்தி.

2008இல் நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரில் அயோடின் அளந்தபோது நடு அளவு லிட்டருக்கு 109 மைக்ரோகிராம். போதும் என்பதற்கான கோடு 100. தீபகற்பத்தின் நிலை விளிம்பில்தான் என்று அந்த ஆய்வே சொன்னது. போதிய அயோடின் உள்ள உப்பு, சோதித்த வீடுகளில் 6.8 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. அதாவது நம்மைக் காத்துவந்தது பெரும்பாலும் மீனும் முட்டையும் பாலும், கடைச் சாமான்களும். அவை வாங்க முடிந்தவர்களுக்குக் காப்பு, முடியாதவர்களுக்கு இல்லை. சரவாக்கில் 2008லேயே மாநிலம் முழுதும் அயோடின் உப்பு வந்துவிட்டது. தீபகற்பத்துக்கு 2020 வரை காத்திருக்க நேர்ந்தது. ஸ்விட்சர்லாந்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு பின்னால். அறிவியல் இதற்குக் காரணமில்லை. மூளை இழப்புக்கு வலி கிடையாது. வலியில்லாத நோய்க்கு ஊர்வலம் போக யாரும் வருவதில்லை.

இந்த மலைக்கே உரிய சில சிக்கல்களையும் மாநாட்டின் மேசையில் வைக்கலாம். ஒன்று முட்டைக்கோஸ். 1928இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வேறு ஆய்வுக்காக வளர்த்த முயல்களுக்கு முட்டைக்கோஸையே தீனியாகப் போட, முயல்களுக்குக் கழலை வந்தது. அந்தக் குடும்பத்துக் காய்களில் தைராய்டுக்குள் அயோடின் சேர்வதைத் தடுக்கும் பொருள் உண்டு. கேமரன் முட்டைக்கோஸ் விற்பனை நாளைக்கு விழுந்துவிடப் போகிறதே என்று யாரும் பயப்பட வேண்டாம். சமைத்து அளவாகத் தின்பவருக்கு, அதுவும் அயோடின் கிடைக்கிறவருக்கு, இதனால் ஒன்றுமில்லை. மரவள்ளியையே மூன்று வேளையும் நம்பும் குடும்பத்துக்குத்தான் கவலை. மரவள்ளியின் நச்சு உடலில் தயோசயனேட்டாக மாறி அயோடினின் வழியில் குறுக்கே நிற்கும். காங்கோ நாட்டில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே காட்டோரக் குடியிருப்புகளில் மரவள்ளி எத்தனை வேளை என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று நாம் விளைவிக்கும் பொருளே. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. தைராய்டு ஹார்மோனைக் கட்டும் நொதிக்கு இரும்பு வேண்டும். ஐவரி கோஸ்ட்டில் ஜிம்மர்மன் குழுவினர் 2000ஆம் ஆண்டு வாக்கில் காட்டினார்கள்: ரத்தசோகை உள்ள கழலைப் பிள்ளைகளுக்கு அயோடின் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் அளவுக்குப் பலன் இல்லை. சோகையுள்ள கொழுந்துக்காரப் பெண்ணுக்கு உப்பு மட்டும் போதாது என்று இதற்குப் பொருள். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேயிலைத் தோட்டத்தில் நின்று தேநீரைத் தள்ளி வைக்கச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், விட்டுவிடச் சொல்லவில்லை.

இன்று சரிவுகளில் கொழுந்து வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். முதல் இரண்டும் கழலைக்குப் பேர்போன நாடுகள். அவர்கள் அறையில் எந்த உப்பு இருக்கிறது என்பதும் இந்த மலையின் கேள்விதான்.

ஆசிரியர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ‘மந்தம்’ என்ற பெயர் எவ்வளவு எளிதாக ஒட்டிவிடுகிறது! பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தைகள் சில ஆயிரத்துக்கு ஒருவர் பிறக்கிறார்கள். மலேசிய அரசு மருத்துவமனைகளில் 1998 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். பிறந்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப்போல் வளரும். சோதனை முடிவு வந்து, ‘மறுபடி வாருங்கள்’ என்று அழைத்து, தோட்டத்துக்குள் வண்டியில்லாமல் தாய் போகாமல் விட்டால், மருந்து மாதங்களாகத் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட பிள்ளை ஏழு வயதில் உங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

லேசான குறைவின் கணக்கு இதைவிடச் சிக்கல். கர்ப்பத்தில் தைராய்டு குறைந்து மருந்தில்லாமல் இருந்த 48 தாய்மாரின் பிள்ளைகளை 1999இல் அமெரிக்காவில் ஹாடோ குழுவினர் சோதித்தார்கள். ஒப்பிட்ட பிள்ளைகளைவிட அறிவுத்திறன் அளவில் சராசரி 7 புள்ளி குறைவு. சரி, கர்ப்பிணிகளைச் சோதித்து மருந்து கொடுத்தால் தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணினார்கள். 2012இல் வெளியான பிரிட்டன், இத்தாலி ஆய்வில் ஏறத்தாழ 13ஆம் வாரத்தில் மருந்தைத் தொடங்கினார்கள்; மூன்று வயதில் பிள்ளைகளைச் சோதித்தால் வித்தியாசமே இல்லை. மருந்து பிந்திவிட்டது என்பது ஒரு விளக்கம். லேசான குறைவுக்கு மருந்தே வேண்டாம் என்பது இன்னொன்று. வல்லுநர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். ஜிமி பள்ளத்தாக்கின் அந்த ஆறு பிள்ளைகளை நினைத்தால் நான் முதல் விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன்.

பெயர் ஒட்டுவது வகுப்பறையோடு நிற்பதில்லை. மலாய்க்காரர் சோம்பேறி, ஜாவானியர் சோம்பேறி, பிலிப்பினோ சோம்பேறி என்று குடியேற்ற ஆட்சியினர் எழுதிக் குவித்ததை சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் தம் நூலில் பிரித்துப்போட்டார். அந்தப் பழி யாருக்கு லாபம் தந்தது என்பது அவர் கேள்வி. நான் பேசும் அறிவியலையும் அதே பழிக்குப் பயன்படுத்த முடியும் என்பதால் இதைச் சொல்கிறேன். ‘பூர்வகுடிகளுக்கு அயோடின் இல்லை, அதனால் படிப்பு வராது’ என்று நாளைக்கு ஒருவர் சொல்லலாம். சோம்பேறி என்ற பழைய பழி வேதியியல் சட்டை போட்டுக்கொண்டு வரும். படிப்பு வராததற்குப் பள்ளி பத்து மைல் தள்ளி இருப்பதும், வேறு மொழியில் பாடம் நடப்பதும், பசியும் காரணம். அயோடின் இவற்றில் ஒன்று. இவற்றுள் சில ரிங்கிட்டில் தீரக்கூடியது அது ஒன்றுதான் என்பதாலேயே அதை விட்டுவைத்ததற்கு மன்னிப்புக் கிடையாது.

ஆகவே மாநாட்டுக்காரர்களுக்கு நான் எழுதப்போகும் கடிதத்தில் இருப்பவை இவை. உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு நாளை இந்த மலையின் தானா ராத்தாவில் நடத்துங்கள். வரும்போது மீன் மூளைப் படங்களோடு சிறுநீர்ப் புட்டிகளும் கொண்டுவாருங்கள். தோட்டத்திலும் செமாய் கம்போங்கிலும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலும் கர்ப்பிணிகளைத் தனித்தனியாக அளவெடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் சராசரி கர்ப்பிணிகளின் குறையை மறைத்துவிடும், ஏனென்றால் அவர்களின் தேவை அதிகம். தேசிய சராசரிக்குள் எங்களைக் கரைத்துவிடாதீர்கள். கடைகளில் கல்லுப்பு, தூளுப்பு இரண்டையும் வாங்கிச் சோதியுங்கள். தாய்மார் கிளினிக்கில் பெயர் பதிவதற்கு முன்பே, கல்யாணமான பெண்களிடம் உப்பைப் பற்றிப் பேசச் சுகாதாரப் பணியாளருக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனதும் நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பொட்டலத்தில் ‘பெரியோடின்’ என்ற மலாய்ச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியுள்ள ஜாடியில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் அயோடின் வீணாவது குறையும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். குறைத்துப் போடும் உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும், மீனும் முட்டையும் சேரட்டும். கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று சந்தையில் விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அளவு மீறினாலும் இதே சுரப்பி கெடும். கழுத்தில் வீக்கமோ, மாதக்கணக்கில் விடாத சோர்வோ இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், அரசு கிளினிக்கிலேயே கேட்கலாம்.

கேள்விகள் இருக்கும். முதலில் பின்வரிசைப் பெண்கள் கேட்கட்டும். அவர்களுக்குக் கடைசி பஸ் சீக்கிரம்.